பெரிய துரையும் சின்ன துரையும்: ஹந்தானையில் இரண்டு கெமராக்களுக்கு வைத்த பரீட்சை

"சேர், பெரிய கொப்பில கீறுனா பிதுருதலாகலை இன்னும் உசருமா?"

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இது. இலங்கைப் படத்தைச் சாதாரண அப்பியாசக் கொப்பியில் கீற வேண்டாம், அதைவிடப் பெரிய சீ.ஆர். கொப்பியில் கீறுங்கள் என்று அன்று சொல்லியிருந்தேன். வகுப்பே சிரித்தது. "மலை உசராது மகள், பக்கத்துல பேர் எழுத இடம் கிடைக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் புவியியல் படிப்பித்து ஓய்வும் பெற்றாயிற்று. கடந்த பெப்ரவரியில்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது, இந்தத் தடவை இரண்டு கெமராக்களின் உருவத்தில்.

காரணம் ஜெரோம். என் மனைவி ரீட்டாவின் தம்பி. கண்டி டவுனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணம், முதல்நன்மை, சாமத்தியச் சடங்கு என்று ஓடி ஓடிப் படம் எடுத்தவன். இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருப்பதால் அழைப்புகள் குறைந்துவிட்டன. டிசம்பரில் அவனுடைய பழைய கெமராவின் ஷட்டரும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஓடர் வந்தது. ஹந்தானையில் விருந்தினர் விடுதி நடத்தும் சிவநேசன், புதிதாகக் கட்டிய சாப்பாட்டு அறையின் சுவருக்கு ஒரு படம் கேட்டார். விடியற்காலை ஹந்தானை, பன்னிரண்டு அடி அகலம், நான்கு அடி உயரம். படம் மனதுக்குப் பிடித்தால் தனக்குத் தெரிந்த இன்னும் மூன்று விடுதிகளுக்கும் ஜெரோமைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

வீடியோ சாமான்களை விற்று ஜெரோம் ஒரு கெமரா வாங்கத் தயாரானான். ஒன்றே ஒன்றுதான். பிழையான ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டாவது தடவை வாங்க வழியில்லை. "பிறகு ஸ்டூடியோவ மூடிட்டு எங்கயாவது ஹார்ட்வெயார் கடையில பில் போட வேண்டியதுதான் அத்தான்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று அவன் தேநீர் ஆறிப் போயிருந்தது.

கொழும்பில் ஒரு கடை கெமராக்களை வாடகைக்கும் கொடுக்கும், பாவித்தவற்றை விற்கவும் செய்யும். அங்கிருந்து ஒரு மீடியம் ஃபோர்மட் கெமராவையும் ஒரு ஃபுல் ஃபிரேம் கெமராவையும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கு எடுத்தோம். நாள் வாடகை முதலாவதுக்கு 22,000 ரூபா, இரண்டாவதுக்கு 11,000 ரூபா. திங்கட்கிழமை இரண்டையும் திருப்பிக் கொடுக்கும்போது எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். எனக்குப் படம் எடுப்பது பொழுதுபோக்கு மட்டுமே. பரீட்சை நடத்துவது மட்டும் நன்றாக வரும். எனவே மேற்பார்வையாளராக என்னைக் கூப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை 5.40க்குக் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். வாகனம் அக்குறணை நவாஸின் சின்ன வேன், ஒரு நாளைக்கு எரிபொருளுடன் 9,000 ரூபா. நவாஸ் பேசாமல் ஓட்டத் தெரியாத ஆள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு கெமராவும் ஒரே மலையத்தானே பாக்கப் போகுது சேர். அப்ப எனத்துக்கு ரெண்டு?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் போறோம்."

"இதுல பெரிய துரை யாரு, சின்ன துரை யாரு?"

தோட்டத்தில் முகாமையாளரைப் பெரிய துரை என்றும் அவருக்கு உதவியாளரைச் சின்ன துரை என்றும் சொல்வார்கள். அந்த நிமிடத்திலிருந்து மீடியம் ஃபோர்மட் பெரிய துரையாகவும் ஃபுல் ஃபிரேம் சின்ன துரையாகவும் ஆகிவிட்டன. வசதியான பெயர்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

வழியில் ஒரு மரக்கறிக் கடை திறந்துகொண்டிருந்தது. இரண்டையும் லென்சுடன் தராசில் வைத்துப் பார்த்தோம். பெரிய துரை ஒரு கிலோ அறுநூறு கிராம், சின்ன துரை ஒரு கிலோ முந்நூறு. "போஞ்சி கிலோ அறுநூறு, இது கிலோ எவ்வளவு?" என்று கடைக்காரர் கேட்டார். ஜெரோம் விலையைச் சொன்னதும் அவர் தராசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

கடுகண்ணாவை எங்கள் வீட்டிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். 6.35க்குக் கணவாயின் மேல் திருப்பம் ஒன்றில் நின்றோம். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பள்ளத்தாக்கில் பஞ்சு மாதிரிப் பனிமூட்டம் கிடக்கும், அதற்கு மேலே பைபிள் மலை தட்டையான தலையுடன் நிற்கும். பிற்பகலில் போனால் வெயில் நேரே கண்ணில் விழும். எனவே எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள்.

இங்கே என் விதிகளை அறிவித்தேன். ஒரே இடம், ஒரே ட்ரைபொட், ஒரே நேரம், ஒரு கெமராவுக்கு ஒரு படம்தான் கணக்கில் வரும். இரண்டும் ஒரே அகலத்தைப் பார்க்க வேண்டும்.

சென்சரைப் பற்றி நான் விளங்கிக்கொண்ட விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெமராவுக்குள் வெளிச்சம் விழும் தகடுதான் சென்சர். சின்ன துரையின் தகடு 36க்கு 24 மில்லிமீற்றர், பெரிய துரையுடையது 44க்கு 33. முதலாவது அப்பியாசக் கொப்பி, இரண்டாவது சீ.ஆர். கொப்பி. பரப்பில் ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் எடுத்துப்போனவற்றில் சின்ன துரை 61 மெகாபிக்சல், பெரிய துரை 100. அந்தப் பிள்ளைக்குச் சொன்ன மாதிரி மலை உயராது. கீற இடம் மட்டும் கூடும்.

ஏழே முக்கால் வாக்கில் கீழே சரிவில் ரயில் வந்தது. சின்ன துரை டக் டக் என்று ஆறு படம் எடுத்துவிட்டது. பெரிய துரை முதலாவது படத்தை எடுத்து யோசித்து முடிப்பதற்குள் கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது.

"பெரிய துரை எப்பவும் பெரட்டுக்கு லேட்டாத்தான் வருவாரு" என்றார் நவாஸ். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு.

ரயிலுக்காக மதிப்பெண் குறைக்கவில்லை. நாங்கள் எடுக்கப்போவது மலை, அது எங்கேயும் போகாது. பால் தேநீர் மூன்று, வடை ஆறு, 750 ரூபா. வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டு படங்களையும் பெருப்பித்துப் பார்த்தோம். பைபிள் மலையின் பாறை வெடிப்புகள் பெரிய துரையில் ஒரு படி தெளிவு. ஜெரோம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெடிப்புகளை அரைமணி நேரம் பார்த்தான்.

ஆனால் எனக்குள் இருக்கும் புவியியல் வாத்தியார் சும்மா இருக்கவில்லை. சுவர் பன்னிரண்டுக்கு நான்கு, அதாவது உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம். பெரிய துரையின் படமோ சதுரத்துக்குக் கிட்டியது. மேலேயும் கீழேயும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் ஒரு பட்டியைத்தான் பாவிக்கப் போகிறோம். சீ.ஆர். கொப்பியின் கூடுதல் இடத்தில் பெரும்பங்கு குப்பைக்கூடைக்குப் போகிறது. மிஞ்சுவது அகலம் மட்டும்: பெரிய துரைக்கு ஏறக்குறைய 11,600 பிக்சல், சின்ன துரைக்கு 9,500. ஒருவருக்கு நூறு என்றால் மற்றவருக்கு எண்பத்திரண்டு. நூறு வாங்கிய பிள்ளைக்கும் எண்பத்திரண்டு வாங்கிய பிள்ளைக்கும் ரிப்போட்டில் ஒரே ஏ தானே?

"நீங்க வாங்கப்போறதில்ல அத்தான், அதான் லேசா சொல்றீங்க" என்றான் ஜெரோம். அது சரி.

சனிக்கிழமைதான் முக்கியமான நாள். அதிகாலை 4.50க்குப் புறப்பட்டு டவுனைத் தாண்டி ஹந்தானை வீதியில் ஏறினோம். எங்கள் வீட்டிலிருந்து 12 கிலோமீற்றர், கடைசி மூன்று கிலோமீற்றர் குன்றும் குழியும். தோட்டக் காணிக்குள் போவதற்கு முந்திய நாளே அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேனை நிறுத்திய இடத்திலிருந்து ட்ரைபொட்டைத் தோளில் வைத்துக்கொண்டு 35 நிமிட ஏற்றம். பெப்ரவரியில் அட்டை குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. சவர்க்காரத்தைக் காலுறையில் பூசிக்கொண்டு போங்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது 6.10. முன்னால் தேயிலைச் சரிவு, அதன் நடுவே ஓர் எழுநூறு மீற்றர் தள்ளித் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மூன்று லயங்கள், அவற்றுக்கும் கீழே இன்னும் விளக்கு அணையாத கண்டி, தூரத்தில் நக்கிள்ஸ் மலைகள். 6.25க்குச் சூரியன் வந்தது. வெளிச்சம் முதலில் சவுக்கு மரங்களின் உச்சியைத் தொட்டு, மெதுவாகச் சரிவில் இறங்கி, 6.45க்கு லயத்துக் கூரைத் தகரங்களுக்கு வந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

பெரிய துரை முதலில். ஒரு படம். பிறகு சின்ன துரை, ஒரு படம். நான் நேரத்தையும் அளவுகளையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பெரிய துரையில் முன்னால் இருக்கும் செடியிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் தெளிவாக வர லென்சின் துவாரத்தை இன்னும் கொஞ்சம் சுருக்க வேண்டியிருந்தது, அதனால் ஷட்டரும் கூடுதல் நேரம் திறந்திருந்தது. காற்று இல்லாததால் அன்று தப்பினோம்.

அப்போது ஜெரோம் தொண்டையைச் செருமினான்.

"அத்தான், ஒரு விஷயம். கல்யாண வீட்டுல ரெண்டு பக்கத்துச் சொந்தமும் மேடையில ஏறிட்டா ஒரு படத்துக்குள்ள அடங்காது. பின்னால போகலாம்னா தூணு இடிக்கும். நாங்க என்ன செய்வோம்னா, கெமராவ நெட்டுக்குத் திருப்பி, லென்ஸ நீட்டி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துண்டு துண்டா எடுத்துப் பிறகு ஒட்டிருவோம். மாமியார் கை ஒரு படத்துல, மோதிரம் மத்தப் படத்துல. யாருக்கும் தெரியாது. சின்ன துரையில அப்படி ஒண்ணு…"

"கூடாது. ஒரு கெமராவுக்கு ஒரு படம். மத்தது எல்லாம் கொப்பியடிக்கிறது."

"இல்ல, சும்மா ஒண்ணு…"

"பரீட்சை மண்டபத்துல சும்மா ஒண்ணுன்னு கிடையாது, ஜெரோம்."

"சரி அத்தான்."

பணிந்துபோன நாற்பத்தெட்டு வயது மனிதனின் குரல் அது. நான் குறிப்புப் புத்தகத்துக்குள் குனிந்தேன். பின்னால் கிளிக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஏழு தரம் எண்ணினேன். பரீட்சை மேற்பார்வையில் நான் நிமிர்ந்து பார்க்காத ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிறு காலையும் படம் எடுக்கப் போவதால் சனி மாலையே தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட வேண்டும் என்பது ரீட்டாவின் நிபந்தனை. பூசைக்கு முன் டவுனில் உள்ள லேப் ஒன்றில் படங்களைக் கொடுத்தோம். முழுப் படம் அடித்தால் செலவு கூட. எனவே இரண்டு படங்களிலும் லயங்கள் இருக்கும் ஒரே பகுதியை மட்டும், சுவரில் வரப்போகும் உண்மையான அளவில், மூன்றடிக்கு இரண்டடியாக அடித்தோம். ஒன்று 3,200 ரூபா. பின்பக்கத்தில் கெமராவின் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதினேன்: 101, 102. யாரும் பார்ப்பதற்கு முன் சுருட்டித் தாள் சுற்றி ஒட்டியும் விட்டேன்.

ஞாயிறு அதிகாலை வத்தேகம. கட்டுகஸ்தோட்டையிலிருந்து 11 கிலோமீற்றர், 25 நிமிடம். சந்தைக்கு அப்பால் தோட்டங்கள் தொடங்கும் மேட்டில் ஏறினால் நக்கிள்ஸ் தோளுக்கு அருகில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அன்று காற்று பலமாக அடித்தது. பெரிய துரையின் முதல் மூன்று படங்களிலும் சவுக்கு இலைகள் கரைந்து போயின. நான்காவது படத்துக்குக் காற்று ஒரு கணம் நின்றது. அந்தப் படத்தை நான் மறக்கமாட்டேன். மலை மடிப்புகளின் நிழலுக்குள் பச்சையிலேயே ஐந்தாறு பச்சை. அதே நிழலைச் சின்ன துரையில் வெளிச்சமாக்கிப் பார்த்தபோது கொஞ்சம் பொரி பொரியாக இருந்தது. மூன்று நாளில் பெரிய துரை சந்தேகத்துக்கு இடமின்றி வென்ற இடம் இதுதான்.

வேனுக்குத் திரும்பும்போது ஜெரோம் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு வைத்திருந்தான்.

"முடிவு பண்ணிட்டேன் அத்தான். நாளைக்குப் பெரிய துரைதான். கையில இருக்குறதெல்லாம் போயிரும். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். பரவாயில்ல."

"பின்னேரம் சுவர்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

"பாத்தா மட்டும்?" என்று கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

பிற்பகல் 3.30க்குச் சிவநேசனின் விடுதிக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து இருபது வருடம், இன்னும் தன் ஊர்ப் பேச்சை விடவில்லை. "வாங்கோ மாஸ்டர், வாங்கோ தம்பி" என்று சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைச் சுவர் பெரிதாகக் காத்திருந்தது. நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, சுவரிலிருந்து பத்தடி அளந்து தரையில் ஒரு கோடு கீறினேன். பெரிய படத்தை அதன் அகலத்துக்குக் கிட்டிய தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"இந்தக் கோட்டுல நின்னு பாருங்க. கிட்டப் போகக்கூடாது."

சிவநேசன் சாக்குப் போட்டிக்கு நிற்பவர் மாதிரிக் கால் இரண்டையும் சேர்த்து வைத்து நின்றார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுதானே மாஸ்டர்?"

நான் ஜெரோமைப் பார்த்தேன். என் முகத்தில் கொஞ்சம் வெற்றிச் சிரிப்பு இருந்திருக்க வேண்டும், அவன் தலையைக் குனிந்துகொண்டான். நவாஸையும் நிறுத்தினேன். "101 கொஞ்சம் வடிவா ஈக்குது சேர்… இல்ல, 102" என்று நான்கு தடவை மாற்றிச் சொன்னார்.

அப்போது லெட்சுமி தேநீர்த் தட்டுடன் வந்தார். விடுதியின் சமையல் அவர் பொறுப்பு. கீழே தெரியும் லயத்திலிருந்துதான் தினமும் ஏறி வருகிறார். தட்டை மேசையில் வைத்தார், கோட்டைத் தாண்டினார், நேரே சுவருக்குப் போய் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று ஆட்காட்டி விரலைப் படத்தில் வைத்தார்.

"தங்கச்சி, கோட்டுக்கு இந்தப் பக்கம்…" என்றேன்.

"இருங்க சேர், வீட்ட தேடுறேன்." விரல் கூரை கூரையாக நகர்ந்தது. "இந்தா நடு லயம். தகரம் நெளிஞ்சி கெடக்கு பாருங்க, அதான் எங்களுது. நம்ம காம்பரா நாலாவது. இதுல கதவே இல்லயே! எல்லாம் சோறு கொழஞ்ச மாதிரி இருக்கு." அடுத்த படத்துக்குப் போனார். "இதுல கதவு இருக்கு. ஆனா எது யாரு வீட்டுக் கதவுன்னு தெரியல."

அவர் விரல் வைத்த முதலாவது சின்ன துரை, இரண்டாவது பெரிய துரை. சுட்டெண்ணைப் பார்க்காமலே பெரிய துரைக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுவிட்டார். ஆனால் இருவருக்குமே பாஸ் போடவில்லை.

சிவநேசனும் கோட்டை விட்டுப் போய் லெட்சுமிக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய விரலும் ஏறியது. சிறிது நேரம் கழித்துத் திரும்பினார்.

"மாஸ்டர், இஞ்ச வேலை செய்யிற எல்லாரும் அந்த லயத்திலயிருந்துதான் வருகினம். சாப்பிட வாற ஆக்களிட்ட, அதுதான் எங்கட வீடு எண்டு இவை காட்ட வேணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு பெரிசாக் கேட்டனான். இது… வடிவாத்தான் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. பிறகு பாப்பம் என்ன?"

எங்கள் பக்கத்தில் "பிறகு பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெரோமின் முகத்தைப் பார்த்தேன். மூன்று விடுதிகள், ஸ்டூடியோ எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவன் கண்ணில் வந்து போயின. என் வெண்கட்டி இன்னும் கையில் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அத்தான், கோவிக்காதீங்க" என்றான் ஜெரோம்.

"கொண்டா" என்றேன். "ஏழு படம். எண்ணினேன்."

அவன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தான். சின்ன துரையை நெட்டுக்குத் திருப்பி, லென்சை நீட்டி எடுத்த ஏழு படங்களை முந்திய இரவே ஒட்டி வைத்திருந்தான், எனக்குச் சொல்லப் பயந்து. முழுப் படத்தின் அகலம் இருபத்தெட்டாயிரம் பிக்சலுக்கு மேல். பெரிய துரையின் ஒற்றைப் படத்தைப் போல இரண்டரை மடங்கு. லெட்சுமி குனிந்தார். ஜெரோம் நடு லயத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனான்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! அந்தா நீலக் கதவு. கொடியில என் சேப்புச் சீல. அது யாரு வாசல்ல… ஐயையோ!" முகத்தைப் பொத்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு. சட்டகூட போடாம நின்னு பல்லு வெளக்குறாரு!"

சிவநேசன் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பைகள் ஆடின. "உந்த வயிறு எனக்கும் தெரியுது."

"இதையா முதலாளி பெருசா செவுத்துல போடப் போறீங்க?"

"போடத்தான் போறன்."

"அப்ப இன்னொருக்கா எடுங்க தம்பி. எந்த நாளுன்னு மட்டும் சொல்லிப்புடுங்க. நான் லயம் பூரா சொல்லிவெக்கிறேன், எல்லாம் சட்ட போட்டுக்கிட்டு நிக்கும்."

சிவநேசன் ஜெரோமின் தோளில் தட்டினார். "அடுத்த சனி எடும் தம்பி. இப்பிடித்தான் வேணும்."

திங்கட்கிழமை ஜெரோம் கொழும்புக்குப் போய்ப் பெரிய துரையைத் திருப்பிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்தானாம். அது காதல், அதற்கு மதிப்பெண் திட்டம் இல்லை. சின்ன துரையை வாங்கினான். மிச்சப் பணத்தில் ஒரு நீளமான லென்சும் ஆடாத ட்ரைபொட்டும் வந்தன. அடுத்த சனிக்கிழமை 6.45க்கு அதே பாறையிலிருந்து எடுத்தபோது மூன்று லயத்துக் கதவு ஒவ்வொன்றிலும் ஆட்கள் நின்றார்கள். லெட்சுமியின் கணவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் படம் முடிந்ததும் அப்படியே ஓடினாராம்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. முதல் மாதத்திலேயே நடு லயத்தின் மேல் விரல் அழுக்கு படிந்துவிட்டது. பெரிய படம் அடிப்பவர்கள் மேலே லெமினேட் செய்யச் சொல்லுங்கள், துடைக்கலாம். இன்னும் இரண்டு விடுதிகள் ஜெரோமுக்கு ஓடர் தந்திருக்கின்றன. மூன்றாமவர் "பிறகு பாப்பம்" என்றிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு மீடியம் ஃபோர்மட் வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் அலை, ஓடும் மேகம், காற்றில் ஆடும் மரம் என்று காட்சி அசைந்தால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது சிரமம். அங்கே ஒரே படத்தில் எல்லாவற்றையும் பிடிக்கும் பெரிய சென்சருக்குத் தனி இடம் உண்டு, மரம் கரையாத அளவுக்கு ஷட்டர் வேகம் கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சதுரத்துக்குக் கிட்டிய படம் வேண்டுமென்றால் அதன் கூடுதல் உயரம் வீணாகாது. வத்தேகமவில் பார்த்த அந்த நிழல் பச்சைகளுக்காகவே கையில் வசதி உள்ளவர் வாங்கலாம். முழுப் படமுமே இரண்டு மூன்றடி அகலம் போதுமென்றால், அதை மட்டும் வைத்துப் பார்த்து எது எந்தக் கெமரா என்று சொல்ல என்னால் முடியாது. எங்களைப் போல மூன்று நாள் போக நினைத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வேனுக்கு 27,000, கெமரா வாடகை 99,000, படம் அடிக்க 6,400, தேநீர் வடைக்கு மூவாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னாலேயே படத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். நாங்கள் கணினியில் மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் ஜெரோம் இன்று பில் போட்டுக்கொண்டிருப்பான்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலில் பாதி சரி. பேர் எழுத இடம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாருடைய பேர் என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன்.

நீங்கள் கெமரா வாங்க யோசிக்கிறவரானால், இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் மிகப் பெரிய படத்தின் முன்னால், பத்தடி தள்ளித் தரையில் ஒரு வெண்கட்டிக் கோடு போடுங்கள். அடுத்து வீட்டுக்கு வருகிற ஐந்து பேர் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள்.